மட்டக்களப்பில் வீடு வாங்கப் போகிறீர்களா? தேடலை எங்கே தொடங்குவது

வேலை மாற்றலாகி வந்தவர்கள், பிள்ளைகளின் படிப்புக்காக வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையிலிருந்து டவுன் பக்கம் வர நினைப்பவர்கள், வெளிநாட்டில் இருந்துகொண்டு ஊரில் ஒரு வீடு இருக்கட்டும் என்று எண்ணுபவர்கள் எல்லாரும் முதலில் செய்வது ஒன்றுதான். இக்மன் என்ற விளம்பர இணையத்தளத்தைத் திறந்து படம் பார்ப்பது. பார்க்கலாம், தப்பில்லை. ஆனால் இந்த ஊரில் ஒரு வீட்டின் தலையெழுத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: காணி எந்த வகை, மாரியில் தண்ணீர் எங்கே நிற்கும். இரண்டும் எந்தப் படத்திலும் வராது. அதனால் இந்தக் கட்டுரையிலும் வீடு பிந்தித்தான் வரும்.

இன்னொன்றையும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோரத்திலும் வீடு பெரும்பாலும் பெண்பிள்ளைக்குக் கட்டப்படுவது. தமிழரும் சரி, முஸ்லிம்களும் சரி, மகளுக்குக் கலியாணம் என்றால் வீடும் வளவும் அவள் பெயருக்குப் போகும். விற்பதற்கென்றே கட்டிய வீடுகள் இங்கே குறைவு. ஆகவே விற்பனைக்கு வரும் வீட்டுக்குப் பின்னால் அநேகமாக ஒரு காரணம் இருக்கும்: குடும்பம் வெளிநாடு போகிறது, கடன், சகோதரிகளுக்குள் பங்குப் பிரச்சினை, இல்லையென்றால் தண்ணீர். ‘ஏன் விற்கிறீர்கள்?’ என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். விலை கேட்பதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது.

முதலில் காசு

வங்கிக் கடனை நம்பித்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால், வீடு தேடும் முன்பே வங்கிக்குப் போங்கள். உங்கள் சம்பளத்துக்கு எவ்வளவு தருவார்கள் என்பது ஒரு கேள்வி. எப்படிப்பட்ட காணிக்குத் தருவார்கள் என்பது அதைவிட முக்கியமான கேள்வி. பொதுவாக 30 வருடத்து உரித்துத் தொடர், அதாவது காணி யாரிடமிருந்து யாருக்குக் கைமாறி வந்தது என்ற வரலாறு, சுத்தமாக இருக்க வேண்டும் என்பார்கள். கையில் காசு வைத்துக்கொண்டு வாங்குபவரும் இந்த அளவுகோலை வைத்துக்கொள்வது நல்லது. வங்கி கடன் தர யோசிக்கும் காணியை நீங்கள் மட்டும் ஏன் துணிந்து வாங்க வேண்டும்?

ஊழியர் சேமலாப நிதியில் 10 வருடத்துக்கு மேல் பங்களித்தவர்கள் வீட்டுத் தேவைக்காக மீதியில் 30 வீதம் வரை முன்கூட்டியே எடுக்க வழி இருக்கிறது. அதற்கு நிபந்தனைகள் உண்டு. விண்ணப்பித்துக் காசு வருவதற்கு நேரமும் எடுக்கும். எனவே வீட்டுக்காரருக்கு நாள் குறித்துவிட்டு ஓடாமல், இதையும் முன்பே விசாரித்து வையுங்கள்.

வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்தவர்களுக்கு ஒரு சொல். 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டப்படி வெளிநாட்டவர் இங்கே காணி வாங்க முடியாது. இரட்டைக் குடியுரிமை இருந்தால் தடையில்லை. அது இல்லாமல் ‘மச்சானுடைய பெயரில் வாங்கி வைப்போம்’ என்பவர்கள் நிறையப் பேர். வாங்கியது மச்சானுடைய காணி, அவ்வளவுதான்.

எந்தப் பக்கம்

புளியந்தீவு, கோட்டைமுனை, அரசடி, தாண்டவன்வெளி என்று டவுனுக்குள் பார்த்தால் பாடசாலை, ஆஸ்பத்திரி, பஸ் எல்லாம் கிட்ட. வளவு சிறிது, விலை கூட. முதலாம் வகுப்பு அனுமதியில் வீடு எவ்வளவு பக்கம் என்பதற்கும், காணிப் பத்திரமான உறுதி எத்தனை வருடமாகப் பெற்றோரின் பெயரில் இருக்கிறது என்பதற்கும் புள்ளி உண்டு. டவுன் விலையில் ஒரு பகுதி இந்தப் புள்ளிகளுக்கானது. பிள்ளை ஏற்கெனவே பத்தாம் வகுப்பில் என்றால் அந்த விலையை நீங்கள் ஏன் கொடுக்க வேண்டும் என்று ஒருதரம் யோசியுங்கள்.

பாலத்துக்கு அப்பால் கல்லடி. ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல். 1924 இல் கட்டிய பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்த பிறகு போக்குவரத்து இலேசாகிவிட்டது. காற்றோட்டமான இடம், வசதியான இடம். ஆனால் கடற்கரைப் பக்கமாகப் போகப் போக 2004 சுனாமியை நினைவில் வைத்துக் கேள்வி கேட்க வேண்டும். கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி கடலின் உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டுவதற்குத் தனி அனுமதி வேண்டும். இருக்கிற வீட்டுக்கு அந்த அனுமதி இருக்கிறதா, நாளை மேலே ஒரு தட்டுப் போட விடுவார்களா என்பதைக் கேட்காமல் கடற்காற்றை மட்டும் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள்.

வடக்கே ஊறணி, தன்னாமுனை, செங்கலடி, வந்தாறுமூலை என்று வீதியோரமாகவே ஊர்கள் தொடர்கின்றன. கிழக்குப் பல்கலைக்கழகத்தில் வேலை என்றால் அந்தப் பக்கம்தான் வசதி. மாவட்டச் செயலகம் திராய்மடுவுக்குப் போன பிறகு அங்கும் ஆட்கள் காணி தேடுகிறார்கள். தெற்கே காத்தான்குடி நெருக்கமான ஊர், வெறும் காணி கிடைப்பதே அரிது. ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி தாண்டினால் வளவு பெரிதாகும். அப்படியே அம்பாறை மாவட்டத்துக்குள் கல்முனை, காரைதீவு, அக்கரைப்பற்று, திருக்கோவில் என்று போகலாம்.

வாவிக்கு மேற்கே படுவான்கரை. மண்முனைத் துறையில் வாவியைக் கடக்கப் பாதைப் படகுக்குக் காத்து நின்ற காலம் 2014 இல் பாலம் திறந்ததோடு போய்விட்டது. கொக்கட்டிச்சோலையில் இருந்துகொண்டு டவுனில் வேலை பார்ப்பது இப்போது முடியாத காரியம் இல்லை. காசும் மிச்சம். ஆனால் அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிட் காணிகள் அந்தப் பக்கம்தான் கூட. இன்னும் மேற்கே உள்ளே போனால் யானையும் வரும்.

எந்தப் பக்கம் என்று தீர்மானித்ததும் அங்கே ஒரு வாடகை வீடு எடுங்கள். முடிந்தால் ஐப்பசியில் எடுத்துத் தை வரை இருங்கள். வாடகைக் காசு வீண் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். ஒரு மாரியை அந்த ஊரில் கழித்தவருக்குத் தெரிவது எந்தப் புரோக்கருக்கும் தெரியாது.

யாரிடம் கேட்பது

நல்ல வீடுகள் விளம்பரத்துக்கு வரும் முன்பே வாய்வழியாகக் கைமாறிவிடும். ஆகவே உங்கள் தேவையை ஊருக்குள் சொல்லி வையுங்கள். சந்திக் கடை, கோயில் நிர்வாகத்தில் இருப்பவர், பிள்ளையைப் படிப்பிக்கும் ஆசிரியர், வீடு கட்டும் மேசன். மேசன்மார் மிக நல்ல ஆட்கள். எந்த வீட்டின் அத்திவாரம் எப்படிப் போட்டது என்பது வரை சொல்வார்கள். கிராம சேவகரையும் ஒரு நாள் போய்ப் பாருங்கள். வீடு தேடித் தருவது அவருடைய வேலை கிடையாது. ஆனால் இன்ன வளவு என்று சொன்னால், அங்கே யார் இருக்கிறார்கள், பிணக்கு ஏதும் உண்டா என்பது அவர் காதில் விழுந்திருக்கும்.

புரோக்கர் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். தரகுக் காசு எவ்வளவு, எப்போது கொடுப்பது, விற்பவரிடமும் வாங்குகிறாரா என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். உறுதி எழுதும் நாளில்தான் காசு என்று வைத்துக்கொண்டால் இரு பக்கமும் நல்லது. புரோக்கரே உறுதி எழுதும் நொத்தாரிசையும் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்றால் மட்டும், ‘இல்லை அண்ணன், அது நான் பார்க்கிறேன்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுங்கள்.

காணி எந்த வகை

வீட்டுக்குள் கால் வைக்கும் முன் கேட்க வேண்டியது இது: ‘உறுதிக் காணியா, பெர்மிட் காணியா?’

உறுதிக் காணி என்றால் தனியார் காணி. நொத்தாரிசு எழுதி, காணிப் பதிவகத்தில் பதிந்த உறுதி இருக்கும். விற்கலாம், வாங்கலாம். பெர்மிட் காணி அரச காணி. 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியிருக்கவோ பயிர் செய்யவோ கொடுத்தது. அதை வைத்திருப்பவர் தன் விருப்பத்துக்கு விற்க முடியாது. பெர்மிட்டுக்கு அடுத்த படியான அளிப்புப் பத்திரம் கிடைத்த காணியையும் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? வெள்ளைக் கடதாசியில் எழுதி, முத்திரை ஒட்டி, இரண்டு பேர் சாட்சி வைத்துக் காசு கைமாறுகிறது. ‘இங்க எல்லாரும் இப்படித்தான் வாங்கினது, ஒரு பிரச்சினையும் வரல்ல’ என்பார்கள். பிரச்சினை வருவது பெர்மிட்காரர் கண்ணை மூடிய பிறகு. பின்னுரித்தாளர் என்று பெயர் போட்ட பிள்ளை வந்து நின்றால் உங்கள் கடதாசி செல்லாது. 2024 இல் தொடங்கிய ‘உறுமய’ திட்டத்தில் சில பெர்மிட்காரருக்கு முழு உரித்தோடு உறுதி கிடைத்திருக்கிறது. கிடைத்தது என்றால் அந்த உறுதியையே காட்டச் சொல்லுங்கள். ‘வரப்போகுது’ என்பதற்குக் காசு கொடுக்கக் கூடாது.

சுனாமி வீட்டுத்திட்ட வீடுகளுக்கும் இதே கேள்விதான். வீடு கையளித்தது உண்மை, குடியிருப்பது உண்மை. விற்கக்கூடிய பத்திரம் கையில் இருக்கிறதா? கோயில் காணியில் கட்டிய வீடுகளும் உண்டு. சுவர் விற்பவருடையது, நிலம் கோயிலுடையது.

உறுதிக் காணி என்று தெரிந்தால் உறுதியின் பிரதியை வாங்குங்கள். தரத் தயங்கினால் அடுத்த வீட்டைப் பார்க்கலாம். சட்டம் படிக்காதவரும் அதில் கவனிக்கக்கூடியவை சில:

பெயர் யாருடையது? பேசிக்கொண்டிருப்பவர் கணவனாக இருப்பார், உறுதி மனைவியின் பெயரில் இருக்கும். மேலே சொன்னேனே, இங்கே வீடு பெண்ணுடையது. அந்த அக்காவைக் காணாமல், அவர் வாயால் ‘ஓம், விற்கிறம்’ என்று கேட்காமல் ஒன்றும் முடிவாகாது.

சீவிய உரித்து இருக்கிறதா? மகளுக்குச் சீதன உறுதியோ நன்கொடை உறுதியோ எழுதும்போது, ‘நாங்கள் உயிரோடு இருக்கும் வரை அனுபவிக்கும் உரித்து எங்களுக்கு’ என்று தாய் தகப்பன் ஒரு வரி எழுதி வைப்பது வழக்கம். வீட்டின் பின்னறையில் சாய்மனைக் கதிரையில் இருக்கிற அம்மம்மாவுக்குத்தான் அந்த உரித்து என்றால், அவரும் கையெழுத்து வைக்க வேண்டும். அவர் மனம் ஒத்துத்தான் வைக்கிறாரா என்பதையும் பாருங்கள். சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை.

முழுக் காணியா, பிரிபடாப் பங்கா? ‘மூன்றில் ஒரு பங்கு’ என்று இருந்தால் எல்லை போட்டுப் பிரித்த படம் வேண்டும், மற்றப் பங்காளிகளும் ஒப்பமிட்ட பிரிவினை உறுதி வேண்டும். இல்லையென்றால் நீங்கள் வாங்குவது வீடும் இல்லை, ஒரு வழக்கு.

விற்பவர் வெளிநாட்டில் என்றால் இங்கே யாராவது அவருக்காகச் செயற்படும் அதிகாரப் பத்திரமான அற்றோணித் தத்துவம் வைத்திருப்பார்கள். அதில் விற்கும் அதிகாரம் எழுதியிருக்கிறதா, பதிந்திருக்கிறதா, கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று பாருங்கள். ஆள் இறந்தால் தத்துவமும் போய்விடும். வீடியோ கோல் எடுத்து அவரோடு நேரே பேசுவதற்கு யாரும் கோபித்துக்கொள்ளப் போவதில்லை.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து, யாரையாவது பார்த்துக்கொள்ளச் சொல்லிப் போன வளவுகள் இங்கே ஏராளம். 1871 ஆம் ஆண்டு ஆட்சியுரிமைச் சட்டப்படி, உரிமையாளருக்கு எதிராக 10 வருடம் தடையில்லாமல் ஆண்டு வந்தவர் உரிமை கோரி வழக்காடலாம். ஆகவே உறுதியில் ஒருவர், வீட்டில் இன்னொருவர் என்றால், வீடு காலியான பிறகுதான் பேச்சு.

இவ்வளவும் சரி என்று பட்டால் உங்கள் சொந்த நொத்தாரிசிடம் கொடுங்கள். அவர் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்கான பதிவுப் பக்கங்களை 30 வருடமாவது பின்னோக்கிப் பார்ப்பார். ஈடு வைத்திருக்கிறதா, வழக்கு இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும். மாநகர சபையில் அல்லது பிரதேச சபையில் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுத்தால், நாளை வீதி அகலிக்கும்போது மதில் போகுமா, விறாந்தை போகுமா என்பதும் தெரியும்.

தண்ணீர்

1978 சூறாவளியும் 2011 வெள்ளமும் கண்ட ஊர் இது. மாரியில் வாவி நிரம்பி, முகத்துவாரத்தை வெட்டித் தண்ணீரைக் கடலுக்கு விடும் வரை தாழ்ந்த ஒழுங்கைகளில் முழங்காலளவு நிற்கும். ஆகவே ஆடி ஆவணியில் பார்த்த வீட்டை மார்கழியில் இன்னொருதரம் பார்க்க வேண்டும். அதுவரை பொறுக்க முடியாது என்றால், சுவரைப் படியுங்கள்.

வெளிச்சுவரில் தரையிலிருந்து ஒன்றிரண்டு அடி உயரத்தில் மங்கிய மண்ணிறக் கோடு ஓடுகிறதா? சுவரின் கீழ்ப்பாதிக்கு மட்டும் புதுப் பெயின்ற் அடித்திருக்கிறதா? குசினிக் கதவின் அடிப்பலகை ஊதிப் பிளந்திருக்கிறதா? பிளக் பொயின்ற் எல்லாம் இடுப்புக்கு மேலே வைத்திருந்தால் அந்த வீட்டுக்காரர் வெள்ளத்தோடு வாழப் பழகியவர். பிறகு வெளியே வந்து பக்கத்து வளவில் கூட்டிக்கொண்டிருக்கும் மாமியிடம், ‘மாமி, போன மாரிக்கு இங்க தண்ணி வந்ததா?’ என்று கேளுங்கள். ‘இல்ல மகன், படிக்கட்டு வரைக்கும்தான்’ என்பார். அந்த ‘படிக்கட்டு வரைக்கும்தான்’ என்பதில் எல்லாம் இருக்கிறது. எந்த வளவை உயர்த்தி மண் போட்டார்கள் என்றும் கேளுங்கள். பக்கத்தில் நாலு பேர் மண் போட்டு உயர்த்தினால், போடாத வளவுதான் குளமாகும்.

அப்புறம் கிணறு. வாவி ஓரத்தில் உவர், சில இடங்களில் இரும்பு. வெள்ளை பேசினில் கொஞ்சம் அள்ளி ஒரு இரவு வைத்தால், இரும்பு இருந்தால் காலையில் மேலே துரு நிறத்தில் ஏடு படிந்திருக்கும். அந்தத் தண்ணீரில் தேயிலை போட்டால் சாயம் கறுக்கும். சவர்க்காரம் நுரைக்காவிட்டால் உவரோ வன்நீரோ என்று சந்தேகிக்கலாம். உன்னிச்சைக் குளத்திலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் டவுனிலும் சுற்றியுள்ள பல இடங்களிலும் இருக்கிறது. அந்த வளவுக்கு இணைப்பு இருக்கிறதா என்பதை பில்லைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். மலக்குழி எங்கே என்று கேட்டு, கிணற்றுக்கும் அதற்கும் 50 அடியாவது இருக்கிறதா என்று அளந்து பாருங்கள். உங்கள் குழியை மட்டும் அளந்தால் போதாது, வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் குழி எங்கே என்பதும் வேண்டும். ஆறு, எட்டு பேர்ச்சாகத் துண்டு போட்டு விற்ற இடங்களில் இதுதான் பெரிய தலையிடி.

இப்போது வீடு

பகலில் ஒருதரம், இரவில் ஒருதரம் பாருங்கள். கூரை ஓடா, சீற்றா? வளை, சலாகை மரத்தில் கறையான் ஏறியிருக்கிறதா? கடற்பக்கம் என்றால் கொங்கிறீட்டுக்குள் கம்பி துருப்பிடித்துப் பூச்சு வெடிக்கும். தூண்களின் அடியையும் தட்டின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். கட்டட வரைபட அனுமதியும், அதன்படி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழும் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒழுங்கையில் அம்புலன்ஸ் வருமா என்பதையும் பாருங்கள். மனையடி சாஸ்திரம் பார்ப்பவரைக் கூட்டி வருவதென்றால் இதெல்லாம் முடிந்த பிறகு கூட்டி வாருங்கள். வாசல் பலன் நல்லது என்று அவர் சொல்லிவிட்டால் உறுதியை யாரும் ஒழுங்காக வாசிப்பதில்லை.

விலை

காணி பேர்ச் கணக்கு. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 160 பேர்ச் ஓர் ஏக்கர். பத்துப் பேர்ச் என்றால் 2,722 சதுர அடிக்குச் சற்றுக் கூட. டேப் பிடித்து நீங்களே பெருக்கிப் பாருங்கள், நில அளவைப் படத்தோடும் ஒப்பிடுங்கள். பழைய உறுதிகளில் எல்லை என்று அயலாரின் பெயர்தான் இருக்கும், அவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. சந்தேகம் என்றால் உரிமம் பெற்ற நில அளவையாளரைக் கூப்பிட்டுக் கல்லைச் சரிபார்த்துவிட்டே மேலே போக வேண்டும்.

விலை சரியா என்று அறிய, அதே ஒழுங்கையில் வெறும் காணி பேர்ச் என்ன விலைக்குப் போனது என்று விசாரியுங்கள். அதைக் கழித்தால் வீட்டுக்கு எவ்வளவு கேட்கிறார் என்று தெரியும். அந்தக் காசுக்கு இன்று அதே அளவு வீடு கட்ட முடியுமா என்று மேசனிடம் கேளுங்கள். பழைய வீட்டுக்குப் புது வீட்டு விலை கேட்பது இங்கே சாதாரணம். கனடாவிலிருந்து ஒருவர் கேட்டார் என்ற கதையும் சாதாரணம்.

மேற்செலவையும் கணக்கில் வையுங்கள். முத்திரைத் தீர்வை முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். ஒரு கோடி ரூபா வீடு என்றால் 3 இலட்சத்து 99 ஆயிரம். அது வாங்குபவர் தலையில். நொத்தாரிசுக் கட்டணம், பதிவு, அளவை, தரகு எல்லாம் அதற்கு மேலே. தீர்வையை மிச்சம் பிடிக்க உறுதியில் விலையைக் குறைத்துப் போடச் சொல்வார்கள். நாளைக்கு வழக்கு என்று வந்தால் நீங்கள் கொடுத்ததாகக் கடதாசி சொல்வது அந்தக் குறைந்த தொகையைத்தான்.

அட்வான்ஸ் கொடுக்கும் நாள்

வீடு பிடித்துவிட்டது, நாளைக்கே இன்னொருவர் காசோடு வருகிறாராம் என்று அவசரப்படுத்துவார்கள். வரட்டும். காணி விற்பனை தொடர்பான உடன்படிக்கை நொத்தாரிசு முன், இரண்டு சாட்சிகளோடு எழுதினால்தான் சட்டத்தில் நிற்கும். 1840 ஆம் ஆண்டிலிருந்து அதுதான் சட்டம். கொப்பித் தாளில் எழுதிய துண்டைக் காட்டி வீட்டைக் கேட்க முடியாது. மொத்த விலை, கொடுத்த அட்வான்ஸ், உறுதி முடிக்கும் நாள், ஒருவர் பின்வாங்கினால் காசு என்னவாகும், வீட்டைக் காலி செய்து தரும் நாள் இவையெல்லாம் உடன்படிக்கையில் இருக்க வேண்டும். காசை வங்கி மூலம் கொடுங்கள். உடன்படிக்கையையும் பதிந்து வையுங்கள்.

உறுதி எழுதியதும் பதிவை நாளைக்கு என்று விடாதீர்கள். ஒரே காணியை இரண்டு பேருக்கு எழுதியிருந்தால் முதலில் பதிந்தவருக்கே முன்னுரிமை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அம்பாறையிலும் காணிப் பதிவகம் இருக்கிறது. உங்கள் காணி எந்தப் பதிவகத்துக்கு உரியது என்பதை நொத்தாரிசு சொல்வார். பதிந்த உறுதி கைக்கு வந்த பிறகு, சோலைவரி, கரண்ட், தண்ணீர் மூன்றிலும் பெயரை மாற்றுங்கள். பழைய வீட்டுக்காரர் வைத்துப் போன பாக்கி ஏதும் இருந்தால், கடைசித் தவணைக் காசு உங்கள் கையில் இருக்கும்போதே அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.